கேசிங் பைப்புக்குக் கீழே

அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளுங்கண்ணா, நான் உரித்துத் தருகிறேன். சும்மா நின்று பேச எனக்கு வராது. கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் வாய் திறக்கும்.

நீங்கள்தானே அத்தியப்பண்ணா? போர் போடுகிற இந்த ரிக் வண்டிக்குச் சமையல் நீங்கள்தானே? நான் செங்கோட்டுவேலு வீட்டுக்காரிங்கண்ணா. டிரில்லர் செங்கோட்டுவேலு. அதோ, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். ஐயோ, திரும்பிப் பார்க்காதீங்கண்ணா. அவர் பார்த்தாலும் ஒன்றுமில்லை, வெங்காயம் உரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் திரும்பிப் பார்த்தால்தான் என்னமோ பேசுகிறோம் என்று வருவார்.

பாப்பா, தோலை வாயில் வைக்காதே. துப்பு. துப்பு கண்ணு. இவள் ஒருத்தி.

என் பேர் கோகிலாங்கண்ணா. ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆம்பளைகள் முன்னால் பேசிப் பழக்கமே இல்லை, அதனால் முன்னேபின்னே வரும், நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பூசை போட்டு வண்டி கிளம்பினால் சத்தீஸ்கர் போய்விடுவீர்கள். அங்கே மழை இறங்கினால்தான் திரும்புவீர்கள். அதுவரைக்கும் அவர் சாப்பிடுகிற சோறு உங்கள் கை சோறு. அதனால்தான் உங்களிடம் வந்தேன். ஓர் உதவி வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். இப்போதே கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவீர்கள்.

அவருக்கு ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும் இல்லையா? தெரியாமல் இருக்காது. சட்டையை அவிழ்த்து எல்லோருக்கும் காட்டுவாரே. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சு நெடுக. "பாருடா, போர் போட்ட இடம்" என்று சிரிப்பார். நான் இன்றைக்கும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

போன வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு லீவில் வந்திருந்தார். தண்ணீர் டிரம்மைத் திண்டு மேல் தூக்கி வைத்தார். வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள இருந்து முதுகு வரைக்கும் யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருக்குது புள்ள" என்றார். அந்த மனுஷன் விரல் நசுங்கி நகம் போனபோதுகூட வலி என்று வாயைத் திறந்ததில்லை. எங்கள் அத்தை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணி வைக்கப் போய்விட்டார்கள். நான் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால், அவர்கள் வாசலில் போய் நின்றேன். என் மூஞ்சியைப் பார்த்தே வண்டியை எடுத்துவிட்டார்கள்.

ஈரோட்டில் மாரடைப்பு இல்லை என்றார்கள். நான் சாமி கும்பிட்டேன். அப்புறம் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இது அதைவிட மோசம், இப்போதே கோயமுத்தூர் போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே ஆபரேஷன் டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். சின்ன வயசுதான் அவருக்கும். இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய். அது மேலே ஏறி, வளைந்து, முதுகோரமாக வயிற்றுக்கு இறங்குகிறது. குழாய்ச் சுவர் ஒரே சுவர் இல்லையாம், உள்சட்டை வெளிச்சட்டை மாதிரி அடுக்கடுக்காக இருக்குமாம். இவருக்கு உள்சட்டை கிழிந்துவிட்டது. ரத்தம் அந்தக் கிழிசலில் புகுந்து ரெண்டு சட்டைக்கும் நடுவில் தனியாக ஒரு பாதை போட்டுக்கொண்டு ஓடுகிறது. வெளிச்சட்டையும் கிழிந்தால் அவ்வளவுதான். "பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கும்மா, மாத்திரை எதுவும் சாப்பிடலையா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

இதயத்துக்குப் பக்கத்தில் கெட்டுப்போனதை வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்குழாய் வைத்துத் தைப்போம் என்றார். அதோடு விட்டால் முதுகுப்பக்கம் கிழிசல் அப்படியே கிடக்கும், அதனால் அதே ஆபரேஷனில் வளைவு வழியாக உள்ளே ஒரு ஸ்டென்ட்டையும் இறக்குவோம் என்றார். துணி போர்த்திய கம்பிச் சுருள். சுருட்டி உள்ளே விட்டால் அங்கே போய் விரியுமாம். விரிந்து, பிரிந்துகிடக்கிற உள்சட்டையை வெளிச்சட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்குமாம். தப்பான பாதை அடைபட்டு ரத்தம் நேர்வழியில் போகும்.

கையெழுத்துப் போட்டேன். இவள் அப்போது கைக்குழந்தை. பால் குடித்துக்கொண்டே இருந்தாள், நான் அழுதுகொண்டே இருந்தேன்.

பிழைத்துவிட்டாருங்கண்ணா. நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த டாக்டர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் ஒரே ஒரு தப்புச் செய்துவிட்டார். இவருக்கு நினைவு வந்து, குழாயை எல்லாம் எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்த பிற்பாடு, டாக்டர் இவருக்கும் அதையே சொன்னார். உள்ளே ஸ்டென்ட் இறக்கியிருக்கிறோம், இடிந்து விழாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும் என்று. இவர் உடனே, "கேசிங் பைப்புங்களா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. போர் போடும்போது மேல்மண் சரியாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்குவோம் என்று இவர் விளக்கினார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "கரெக்ட்! அதே மாதிரிதான். நீங்க ஈசியா புரிஞ்சுக்கிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்குப் பிடித்த சனி.

வீட்டுக்கு வந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "கேசிங் எதுவரைக்கும் இறக்குவோம்? சொல்லு மாப்ள. மண்ணு இருக்கிற வரைக்கும். பாறை தட்டுனா நிறுத்திருவோம். பாறைக்கு எதுக்குடா கேசிங்கு? அப்ப டாக்டரு ஒரு சாண் இறக்கிட்டு நிறுத்திட்டாருன்னா என்ன அர்த்தம்? அதுக்குக் கீழ பாறைன்னு அர்த்தம்!" என்பார். வந்தவர்கள் எல்லாம் ரிக் வண்டி ஆட்கள்தானே, ஆமாமா என்று தலையை ஆட்டுவார்கள். எங்கள் அத்தைக்குப் பெருமை தாங்காது. "எம்பையன் ஒடம்பு பாறையாட்டந்தான்" என்பார்கள்.

கீழே பாறை இல்லைங்கண்ணா.

அது எனக்குத் தெரியும். அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தபோது, அவர் உள்ளே படுத்திருக்கையில், அதே டாக்டர் என்னிடம் சொன்னார். ஸ்டென்ட் இருக்கிற இடம் வரைக்கும்தான் பலம். அதற்குக் கீழே வயிறு வரைக்கும் கிழிசல் இருக்கத்தான் செய்கிறது. இன்னும் கீழே இறக்கினால் முதுகுத்தண்டுக்குப் போகிற ரத்தம் அடைபட்டுக் கால் விழுந்துவிடலாம், அதனால் நிறுத்தினோம் என்றார். கீழே இருப்பது தானே சேர்ந்தாலும் சேரும், வீங்கினாலும் வீங்கும். அதனால் பிரஷர் ஏறவே கூடாது, மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்கு வர வேண்டும். "புரியுதாம்மா? நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். நான் சரிங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்தான். நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் கட்டில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவர் பாறை, பாறை என்று சொல்லும்போது, நான் காப்பித் தட்டோடு போய், இல்லைங்க, பாறை இல்லைங்க என்று எப்படிச் சொல்வது? காப்பியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆள் இல்லாதபோது ஒருதரம் சொன்னேன். "உனக்குப் போர் பத்தி என்ன புள்ள தெரியும்?" என்றார். எனக்குப் போர் பற்றித் தெரியாதுதான்.

கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டார். அப்புறம் பிடிக்கவில்லை. எழுந்தால் கிறுகிறு என்கிறது, கை சில்லிட்டுப்போகிறது, மாடிப்படி ஏறினால் கிழவனாட்டம் இருக்கிறது என்பார். வேறு ஒன்றும் உண்டு, அதை உங்களிடம் எப்படிச் சொல்வது, ஆம்பளைக்கு வருத்தமாக இருக்கிற விஷயம். விடுங்கண்ணா. ஒருநாள் காலையில் எல்லா அட்டையையும் அள்ளிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார். "கேசிங் போட்டவனுக்கு மாத்திரை எதுக்கு? இனி இந்த வீட்டுக்குள்ள மாத்திரைன்னு ஒருத்தரும் பேசக்கூடாது." அத்தை வாசலில் நின்று, "அதானே, அத்தனையும் சூடு" என்றார்கள்.

நாலைந்து நாளில் மூஞ்சி உப்பிவிட்டது. பின்மண்டை வலிக்கிறது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். எரிந்து விழுந்தார். எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது, ரெண்டு சட்டைக்கும் நடுவில் ஓடுகிற ரத்தம். ராத்திரியெல்லாம் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அப்புறம்தான் நான் மோரில் கலக்க ஆரம்பித்தேன்.

ஏன் கையை நிறுத்திவிட்டீர்கள்? அரிசியைக் களையுங்கண்ணா. நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா மாசாமாசம் மாத்திரை கொடுப்பார்கள். அத்தையிடம் பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கி வருவேன். இவளுக்கு எத்தனை தடுப்பூசி போட்டாயிற்று என்று கணக்குப் பார்த்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும், அவர்களுக்கு அந்த யோசனை வராது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். காலையில் அம்மிக்கல்லில் நுணுக்கி மோரில் கலந்து, கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டுவிடுவேன். கசப்பே தெரியாது. "என்னமோ உன் மோரு மட்டும் தனி ருசி" என்பார். மாத்திரையை உடைக்காமல் முழுசாக விழுங்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொன்னார்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதாக இருக்கும்.

ஒரு வாரத்தில் மூஞ்சி வீக்கம் வடிந்தது. தலைவலி போயிற்று. இந்தத் தரம் கிறுகிறுப்பும் இல்லை, உடம்புக்குப் பழகிவிட்டது போல. நல்லாச் சிரித்துப் பேசினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா? நான் படித்தவள் இல்லை, வாயில்லாதவள், ஆனால் அந்த டாக்டர் சொன்னதை நான் செய்துவிட்டேன்.

அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். "பாத்தியா? மாத்திரையை நிறுத்துன பொறவுதான் நான் மனுசனானேன்" என்றார். ஊரெல்லாம் சொன்னார். இங்கே வந்தும் சொல்லியிருப்பார்.

உங்கள் மேனேஜர்கூட முதலில் யோசித்தாராமே? நெஞ்சைத் திறந்த ஆளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று. கிளினிக்கில் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாராம். பார்த்தால் கச்சிதமாக இருந்ததாம். இவர் வீட்டுக்கு வந்து, "சும்மா நூல் பிடிச்ச மாதிரி இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அத்தையைத் தூக்காத குறைதான். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்ததுங்கண்ணா. நான்தானே பாஸ் பண்ணினேன்? அடுப்படிக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னார். வண்டியில் எடுத்துக்கொண்டார்கள், சத்தீஸ்கர் போகிறேன் என்று.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. டிரில்லர் வேலை, லிவர் பிடிக்கிற வேலைதான், கனம் தூக்க மாட்டேன் என்கிறார். துளை போடுகிற ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டால் எல்லோரும்தானே தோள் கொடுப்பீர்கள்? அதை விடுங்கள். அங்கே மோர் யார் கலப்பார்கள்? திடீரென்று மாத்திரை நின்றால் பிரஷர் எகிறும் என்று நர்ஸ் அக்கா சொன்னார்கள். ஒருதரம் நின்றபோது நானே கண்ணால் பார்த்தேனே.

சொல்லிவிடு என்கிறீர்கள். அண்ணா, நீங்கள் எந்த ஊர்? எங்கள் பக்கம் பெண்டாட்டி சோற்றில் எதையாவது கலந்தாள் என்றால் அதற்கு என்ன பேர் தெரியும்தானே? மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். எங்கள் தெருவில் சரசு அக்கா, பாவம், வீட்டுக்காரர் அவள் சொன்னதையெல்லாம் கேட்கிறார் என்று மாமியாருக்குச் சந்தேகம். அந்த மனுஷனை மருந்து எடுக்கிறவனிடம் கூட்டிக்கொண்டு போய் வாந்தி எடுக்க வைத்து, வாந்தியில் மயிர்ச்சுருள் வந்தது பார் என்று காட்டினார்கள். அக்காவை அம்மா வீட்டில் விட்டவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவள் ஒன்றுமே கலக்கவில்லைங்கண்ணா. நான் தினமும் கலந்திருக்கிறேன். எங்கள் அத்தை என்ன சொல்வார்கள்? அவர்தான் என்ன சொல்வார்? அப்புறம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா? எனக்கு அம்மா வீடும் இல்லை, அண்ணி வீடுதான் இருக்கிறது.

சொன்னால் என் கையால் சாப்பிட மாட்டார். சொல்லாவிட்டால் அங்கே மாத்திரை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவராக இருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டால் டாக்டர் இவரைத் திட்டுவார், யார் சொன்னது என்று இவர் கேட்பார். மேனேஜரிடம் சொன்னால் வேலை போகும், அத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகும். யோசித்து யோசித்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தேன்.

இந்தாங்க. மஞ்சள் பையில் இருக்கிறது. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் அக்காவிடம் கெஞ்சி, நீங்கள் திரும்புகிற வரைக்கும் மொத்தமாக வாங்கி, பொடியெல்லாம் தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறேன். காலை டீயில் ஒன்று, அவ்வளவுதான். இல்லைங்கண்ணா, சட்டியில் போடக்கூடாது! ஐயோ, எல்லோரும் மயங்கி விழுந்துவிடுவீர்கள். அவர் கிளாஸில் மட்டும். அவருக்கு என்று ஒரு பச்சை கிளாஸ் வைத்துக்கொள்ளுங்கள், எவனாவது கேட்டால் டிரில்லருக்குத் தனி மரியாதை என்று சொல்லுங்கள். மரியாதை என்றால் அவர் உடனே ஒத்துக்கொள்வார்.

எனக்கு வேறு யாரும் இல்லைங்கண்ணா. முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.

என்னங்கண்ணா, ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்?

என்ன சொல்கிறீர்கள்? உங்களுக்கும் பிரஷரா?

சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்? யார் சொல்லி?

அவரா?

எதிர் டீக்கடையில் வைத்தா? சட்டையை அவிழ்த்துக் காட்டி, மாத்திரையைச் சாக்கடையில் போட்டேன், என்னைப் பார் என்று சொன்னாரா? அதைக் கேட்டுவிட்டா? அண்ணா, உங்களுக்குக் கேசிங்கும் இல்லையே! நெஞ்சு கிழிபட்டவனே நன்றாக இருக்கிறான், நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டீர்களா? அவர் நன்றாக இருக்கிறார் என்றால் அது...

காலையில் பின்மண்டை வலிக்கிறதா? அது அடுப்புப் புகை இல்லைங்கண்ணா. இல்லை. சத்தியமாக இல்லை. உங்கள் மூஞ்சியும் உப்பித்தான் இருக்கிறது. அப்போதே பார்த்தேன், நல்ல சாப்பாட்டு உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டீக்கடையில் இன்னும் யார் யார் இருந்தார்கள்? டிரைவர் இருந்தாரா? அவருக்கும் உண்டா? அவரும் நிறுத்திவிட்டாரா?

தெரியாது என்றால் எப்படிங்கண்ணா? எத்தனை கடையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் சொன்னாரோ. போகிற ஊரிலெல்லாம் சொல்லுவார். சட்டையை அவிழ்த்து அவிழ்த்துச் சொல்லுவார். என் மோரைக் குடித்துவிட்டு.

அந்தப் பையை இப்படிக் கொடுங்க. வேண்டாம். கொடுங்கண்ணா.

வருகிறார். எலுமிச்சம்பழம் வைத்து முடித்துவிட்டார் போல. சிரித்துக்கொண்டே வருகிறார், பாருங்க. நீங்கள் எழுந்து போகாதீங்கண்ணா. உங்கள் காலைப் பிடிக்கிறேன், இங்கேயே நில்லுங்க. பாப்பாவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்க. நான் பாதியில் நிறுத்தினால் மிச்சத்தை நீங்கள் சொல்லிவிடுங்க.

ஒன்றும் ரகசியம் இல்லைங்க, அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்படி வாங்க. உட்காருங்க. கோவிக்காமல் கேளுங்க.

நீங்கள் மாத்திரையை நிறுத்தவே இல்லைங்க.